விடுமுறை யாருக்கு?

இலங்கையில் மே தினம் 1956இல் பொது விடுமுறையாயிற்று. அட்டன் தோட்டங்களிலே தாய்மார் அன்று கொழுந்து பறிக்க மலையேறுவதில்லை. ஆயின், லயத்தில் அடுப்பும் அழுக்குத்துணியும் காத்திருக்கின்றன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக்கப்பட்ட நாட்சம்பளம் மலைவேலைக்கே உரியது. வீட்டுவேலை எக்கணக்கிலும் ஏறவில்லை.

இதனை அநீதி என்று கூறி முடித்துவிடலாம். ஆனால், பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தைக்குத் தாயின் பகல்முகம் கிட்டுவது விடுமுறை நாள்களில்தான். தலைவாரி, சோறூட்டி, மடியிற் கிடத்தும் அவளுக்கு அது வேலையா, இளைப்பாறலா? இரண்டுமே எனல் பொருந்தும். அன்பினாற் செய்வது களைப்புத் தராது என்போர், பெரும்பாலும், அவள் சமைக்கும் உணவுக்குக் காத்திருப்போரே. குழந்தையின் உரிமை மெய்யானது. அதனைத் தாயின் ஓய்விலிருந்து மட்டும் ஏன் எடுத்தல் வேண்டும்? தந்தைக்கும் அன்று விடுமுறைதானே!