மூத்தவரின் கருத்து யாருக்கு உரியது?

இளம் எழுத்தாளர் ஒருவரின் கதையைப் படித்த மூத்த நாவலாசிரியர் மனத்தில் ஒரு மதிப்பீடு உருவாகிறது. அதை எழுதியவரிடம் சொல்லும் கடமை அவருக்கு உண்டா? படிப்பது அவர் விருப்பம், சொல்லாதிருப்பதும் அவர் உரிமை என்று வாதிடலாம். ஆனால் அந்த மதிப்பீடு மனத்துக்குள்ளேயே தங்குவது அரிது. நண்பர்களிடமும் பதிப்பாளரிடமும் பேச்சாகிவிடுகிறது. எழுதியவர் காதுக்கு மட்டும் வருவதில்லை. திருத்திக்கொள்ளக்கூடிய ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் குறை தெரிந்திருப்பது அநீதி.

ரஷ்ய நாவலாசிரியர் கிரிகோரோவிச் அந்த அநீதிக்கு இடம் தரவில்லை. அறுபதைக் கடந்திருந்த அவர், 1886 மார்ச்சில் 26 வயதுச் செகாவுக்குத் தாமே கடிதம் எழுதினார். மருத்துவரான செகாவ் அப்போது புனைபெயரில் இதழ்களுக்கு வேகவேகமாகக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். கிரிகோரோவிச் அவர் திறமையை மனமாரப் பாராட்டினார். அவசர எழுத்தைக் கைவிடச் சொன்னார். கொச்சையான இடங்களைக் கடிந்துகொண்டார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று செகாவ் பதிலில் ஒப்புக்கொண்டார். 1887இல் வெளிவந்த ‘அந்தியில்’ தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கினார். மறு ஆண்டு அந்நூல் புஷ்கின் பரிசு பெற்றது.

அப்படியானால், உரியவரிடம் உண்மையாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. 1836 டிசம்பரில் இருபது வயதுச் சார்லட் பிராண்டி தம் கவிதைகளை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் சதேவுக்கு அனுப்பினார். அவரும் 1837இல் தனிக் கடிதத்தில்தான் பதில் எழுதினார். கவித்திறன் இருப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்றார். பத்தாண்டு கழித்து சார்லட்டின் நாவல் ‘ஜேன் அயர்’ வெளிவந்தது. அதற்காக அந்தக் கடிதம் நியாயமாகிவிடாது. அதே சொல்லால் எழுதுவதை நிறுத்திவிட்டவர்களை இலக்கிய வரலாறு அறியாது.

இருவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். கிரிகோரோவிச் எழுத்தின் குறையைச் சொன்னார். உழைத்தால் அது நீங்கும். சதே எழுதுபவரின் பிறப்பையே தடையாகச் சொன்னார். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மூத்தவர் சொல்லுக்கு எடை அதிகம். ஆகவே அது படைப்பின் எல்லையைத் தாண்டக் கூடாது.

பிடிக்காத கதையைப் பிடிக்கவில்லை என்று, காரணத்தோடு, எழுதியவரிடமே சொல்வது மூத்தவர் இளையவருக்குச் செய்யும் மரியாதை. அது இயலாதென்றால் பிறரிடமும் அதைப் பேசாதிருப்பதே நேர்மை.