சபூராவின் சொல்

கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் சபூரா என்ற பெயர் தாங்கிய மூதாட்டியர் பலரை நாம் அறிவோம். அப்பெயருக்குரிய பெண்மணி மூஸா (அலை) அவர்களின் துணைவியார். திருமறை அவர் பெயரைக் கூறவில்லை. மர்யம் (அலை) அவர்களைத் தவிர வேறெந்தப் பெண்ணின் பெயரையும் அது கூறவில்லை. பெயரைத் தந்தவர்கள் முஃபஸ்ஸிர்கள். தமிழ் வேதாகமத்தில் அவர் சிப்போராள். மீதியான் தேசத்து ஆசாரியரின் ஏழு புதல்வியருள் ஒருவர். திருமறை காட்டுவதோ இரு புதல்வியரை.

கவலை பூட்டி நீரிறைத்த காலத்தை அறிந்த கொங்கு நாட்டாருக்கு மத்யன் கிணற்றடி அந்நியமன்று. ஆட்பலம் உள்ளவன் முந்துவான். இல்லாதவன் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பான். அவ்வாறு நின்ற இருவருக்கும் ஓர் அயலார் நீர் புகட்டினார். கூலி கேளாமல் நிழலுக்குத் திரும்பினார். மிஸ்ரில் ஓர் உயிர் தம் கையால் போனதால் தப்பி வந்தவர் அவர். குலம் சொல்ல ஆளில்லை, கையில் பொருளுமில்லை.

அவரை அழைத்துவர மகள் நாணத்தோடு நடந்து சென்றாள் என்கிறது அல்கஸஸ் அத்தியாயம். வீடு திரும்பியதும் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்துங்கள், வலிமையும் நம்பகமும் உடையவரே அதற்குச் சிறந்தவர் என்று கருத்துரைத்தவளும் ஒரு மகளே. வழியில் தமக்குப் பின்னால் வரும்படி அப்பெண்ணிடம் அவர் கூறியதைக் கொண்டே அவருடைய அமானத்தை அவள் அறிந்தாள் என்று இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் எடுத்துரைக்கிறார். மனிதரை எடைபோடுவதில் கூர்மை மிக்க மூவருள் இப்பெண்ணும் ஒருவர் என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கருத்து. மற்ற இருவரில் ஒருவர் உமரைத் தேர்ந்தெடுத்த அபூபக்ர் (ரலி). 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா, ஆட்சிப் பொறுப்புக்கு ஆள் தேர்வதற்கே இச்சொல்லை அடிப்படையாக்கினார். ஆடு மேய்த்த பெண்ணின் சொல் ஆளுநர்களை அளக்கும் கோலாயிற்று!

வேதாகமத்திலோ கிணற்றடியில் அவருக்கெனத் தனிச் சொல் இல்லை. ஆனால் பின்னொரு நாள், பயணத்தில் தங்கிய இடத்தில் மரணம் நெருங்கியபோது, கூரிய கல்லால் மகனுக்கு விருத்தசேதனம் செய்து ஆபத்தை விலக்கியவர் அவரே. தயங்காது முடிவெடுப்பவர் என்பதில் இரு வரலாறுகளும் ஒத்து நிற்கின்றன.

நம் வீடுகளுக்கு வருவோம். வரன் பார்க்கையில் கடை வருமானத்தை விசாரிக்கிறோம், காணி பூமியைக் கேட்கிறோம். நிகாஹ் நாள் குறித்தபின்தான் பெண்ணின் நினைவு வருகிறது. கன்னியின் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பது நபிமொழி. அவளுடைய நாணத்தை மதித்து மௌனத்தையும் சம்மதமாக ஏற்றது அது. அந்தச் சலுகையை நாம் கேளாமலிருக்கும் உரிமையாக மாற்றிக்கொண்டோம்.

பெண் வாய் திறந்து கருத்துச் சொல்வது ஹயாவுக்கு ஒவ்வாது என்பர் சிலர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாணம் ஈமானின் கிளையே. ஆயினும் நாணத்தோடு நடந்தாள் என்றதற்கு அடுத்த வசனத்திலேயே மகளின் ஆலோசனையும் வருகிறதே! நாணம் நடையில் இருந்தது, நாவைக் கட்டவில்லை.

அந்தத் தந்தை ஷுஐப் (அலை) தாமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. யாராயினும், மகளை அதட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. அவள் சொல் முடிந்ததும் அவர் திரும்பியது மூஸா (அலை) அவர்களை நோக்கியே: புதல்வியருள் ஒருத்தியை நிகாஹ் செய்து தருவதாகவும், எட்டாண்டு ஊழியம் வேண்டுமென்றும், பத்தாக்கினால் அது அவர் விருப்பமென்றும் சொன்னார்.