விருந்தும் விருந்தினரும்

திருமலை யாத்திரை செல்லும் வழியில் ஸ்ரீராமாநுஜர், அஷ்டஸஹஸ்ரம் என்னும் எண்ணாயிரத்துச் செல்வர் யஜ்ஞேசரின் திருமாளிகைக்குச் சீடர் இருவரை முன்னே அனுப்பினார் என்று குருபரம்பரை கூறும். ஆசார்யர் எழுந்தருளும் செய்தியால் பூரித்த செல்வர், தளிகைக்கு வேண்டியவற்றைத் திரட்ட உள்ளே விரைந்தார். நடந்து களைத்து வந்தவர்களை மறந்தார். அதனையறிந்த உடையவர், ஏழை வரதாசார்யரின் குடிலுக்கே எழுந்தருளினார்.

யஜ்ஞேசர் செய்த பிழை யாது? உலோபமன்று, விருந்தின்மேல் வைத்த ஆர்வமே அவர் கண்ணை மறைத்தது.

சமைத்து மகிழும் இல்லறத்தார்க்கு இப்பிழை அயலானதன்று. முதிய உறவினர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தபோது அக்காரவடிசில் கிளறிக்கொண்டிருந்தோம். பால் சுண்டும் பதத்தில் கைவிட்டால் அடிபிடிக்கும். நெய் மணக்கக் கிளறும் அந்த இன்பத்தை யான் பழிக்கமாட்டேன்; ஆண்டாள் நேர்ந்துகொண்டபடி உடையவரே திருமாலிருஞ்சோலையில் 100 தடா சமர்ப்பித்த பண்டமல்லவா! வடிசில் தீய்வதா, வந்தவர் தாகத்தோடிருப்பதா என்று கேட்டால் விடை எளிது. கரண்டி கையிலிருக்கையில் அக்கேள்வி எழுவதேயில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது அவர் திண்ணையில் உறங்கிப்போயிருந்தார். பின்னர் இலைமுன் அமர்ந்து, இருமுறை கேட்டு வாங்கி உண்டார். நாங்கள் கொடுக்க மறந்த ஒரு சொம்புத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.