ஒட்டடையும் உரைகல்லும்

விருத்தாசலத்தில் பழைய பீங்கான் கொட்டகை எதற்குள் போனாலும் ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். வெள்ளைக் களிமண்ணின் மாவு காற்றில் எழும்பி, சட்டங்களுக்கிடையே தொங்கும் ஒட்டடையில் படிந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத இழைகூட வெள்ளை நூலாகத் தடித்துத் தெரியும். கீழே அச்சுகளில் களிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பொம்மையும் அகல்விளக்கும் பியூஸ் கட்டைகளும் பலகைகளில் வரிசையாகக் காயும். மேலே அந்த வலை மழைக்கால ஈரத்தையும் சித்திரை வெயிலையும் பார்த்தபடி கிடக்கும். சிக்கிய பூச்சி செத்து உலர்ந்து உதிரும். இழை மக்கியதாகத் தெரியாது.

சிலந்தி இழை பெரும்பாலும் புரதம். புரதம் என்றால் பாக்டீரியாவுக்கு விருந்து. முட்டையை உடைத்து வைத்தால் இந்த ஊர் வெக்கைக்கு மறுநாளே நாறிவிடும். அப்படியிருக்க பாக்டீரியா வலையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று அதில் இருக்கவேண்டும் என்று மனம் உடனே சொல்கிறது. வெட்டுக்காயத்தில் நூலாம்படையை வைத்து அழுத்துகிற வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. பழைய கிரேக்கத்திலும் ரோமிலும் இருந்தது. ரத்தம் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை மருந்து என்றே நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்தார்கள். 2012இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் சைமன் ரைட், சாரா குடேக்கர் இருவரும் சாதாரண வீட்டுச் சிலந்தியின் வலையை எடுத்து ஆராய்ந்தார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வளர்ச்சி கொஞ்ச காலம் தடைப்பட்டது, ஈ.கோலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொல்லவில்லை, தற்காலிகமாகத் தடுத்திருக்கலாம் என்று நிதானமாகத்தான் எழுதினார்கள். ஆனால் இப்படிப்பட்ட செய்தி ஊர் ஊராகப் போகும்போது நிதானம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ‘சிலந்தி வலையில் ஆன்டிபயாடிக்’ என்பது மட்டும்தான் மிஞ்சும்.

2021இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ட்ரீன் பில்டே முதலானோர் ஏழு வகைச் சிலந்திகளின் இழையைச் சோதித்தார்கள். கிருமி எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை. அப்படியானால் முந்தைய ஆய்வுகள் சிலவற்றில் பாக்டீரியாவைக் கொன்றது எது? அவற்றின் செய்முறையைத் துருவிப் பார்த்தார்கள். இழையிலிருந்து சத்தைப் பிரிக்க அசிட்டோன், எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவை முழுவதும் ஆவியாகாமல் தங்கினால் அவையே பாக்டீரியாவைக் கொல்லும். கரைப்பானை மட்டும் தனியே வைத்துப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். பல இடங்களில் அந்த ஒப்புச் சோதனை சரியாக நடக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு மணிமுத்தாறு நினைவுக்கு வந்தது. பெரியபுராணம் சொல்லும் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருமுதுகுன்றம் என்ற இந்த ஊரின் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர் அதை ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போடுவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு வைத்து உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே சரியானது. மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் அங்கே இருக்கிறார். கொடுத்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். இருந்தும் நடுவில் ஒரு மச்சம் வேண்டியிருந்தது. அதில் அவநம்பிக்கை துளியும் இல்லை. நம்புகிற பொருள் மேல் வைத்த மரியாதையாகவே நான் அதைப் பார்க்கிறேன். பீங்கான் வேலையிலும் இதே மரியாதை உண்டு: சூளைக்குள் பண்டத்தோடு சிறு கூம்புகளையும் வைப்பார்கள். குறித்த அளவு வெந்ததும் கூம்பு தலைசாயும். அனல் போதும் என்று கண் சொன்னாலும் கூம்பு சாயும்வரை பொறுப்பார்கள்.

சரி, வலையில் மருந்து இல்லை. ஆனாலும் அது மக்கவில்லையே? 2019இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில்தான் என்னை வெகுநேரம் உட்காரவைத்தது. இழையில் பாக்டீரியாவை விட்டார்கள், வளரவில்லை. கூடவே கொஞ்சம் நைட்ரஜன் ஊட்டம் சேர்த்தார்கள். அதே இழைமேல் நன்றாக வளர்ந்தது. விஷம் இருந்திருந்தால் ஊட்டம் கொடுத்தாலும் செத்திருக்கும். இழைப் புரதத்தின் படிகக் கட்டமைப்பு அவ்வளவு நெருக்கமாக இருப்பது காரணமாகலாம். அதிலிருக்கும் நைட்ரஜன் பாக்டீரியாவின் கைக்கு எட்டுவதில்லை. பூட்டிய குதிருக்குப் பக்கத்தில் எலி பட்டினி கிடப்பதுபோல, உணவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு அது வளராமல் நிற்கிறது.

பென்சிலினைக் கண்டறிந்த 1928இலிருந்து நாம் கொல்வதையே காப்பாக நினைத்துப் பழகிவிட்டோம். அதனால்தான் கெடாத ஒன்றைக் கண்டதும் அதற்குள் ஒரு கொலையாளியைத் தேடினோம். கொல்ல வரும் மருந்தை எதிர்க்கப் பாக்டீரியா கற்றுக்கொள்கிறது; இன்று ஆஸ்பத்திரிகளைக் கலங்கடிப்பது அந்தக் கல்விதான். சிலந்தியோ யாரையும் எதிர்க்காத ஒரு பொருளை நூற்றுத் தொங்கவிட்டிருக்கிறது. தன்னிடம் இருப்பதை இறுகக் கட்டிவைத்ததே அதற்குக் காவலாக அமைந்துவிட்டது. ‘வலையில் மருந்து உண்டு’ என்ற பதிலோடு நின்றிருந்தால் இவ்வளவு ஆழமான ஒன்று கடைசிவரை நம் கண்ணில் பட்டிருக்காது.

மருந்தை நாமே சேர்க்கலாம் என்பதையும் நாட்டிங்காமில் காட்டிவிட்டார்கள். ஆய்வகத்தில் உருவாக்கிய சிலந்திப் பட்டில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பிணைத்தார்கள். அது குறைந்தது ஐந்து நாட்களுக்கு மெதுவாகக் கசிந்து வேலை செய்தது. அது சுத்தமான ஆய்வகத்துப் பட்டு. கொட்டகை ஒட்டடையைத் தயவுசெய்து காயத்தில் வைக்காதீர்கள். இழைப் பின்னல் ரத்தம் உறையத் துணை செய்யலாம். அதில் படிந்த மண்ணிலும் தூசியிலும் டெட்டனஸ் கிருமி இருக்கலாம்.

வலையில் மருந்து உண்டா என்ற சோதனையைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் வலைத் துணுக்கு வைத்து, சுற்றிலும் தெளிந்த வளையம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்; தட்டை மூடி ஒட்டியே வைக்கட்டும். பார்வையிடப் போகிறவர்கள் வலை வைத்த தட்டைப் பார்க்குமுன், பருத்தி நூல் வைத்த தட்டு எங்கே, கரைப்பான் பயன்படுத்தியிருந்தால் அதை மட்டும் வைத்த தட்டு எங்கே என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை எல்லாத் தட்டையும் வரிசையாகக் காட்டி, நோட்டில் ‘வளையம் இல்லை’ என்று எழுதியிருந்தால் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆர்ஹூஸிலும் அதைத்தான் எழுதினார்கள்.