மேசையில் சொன்னதும் சொல்லாததும்

வலப்பக்கம் இருப்பவர் ‘1 டைமன்’ என்று ஏலத்தைத் தொடங்கிவிட்டார். அடுத்துப் பேச வேண்டியவர் தன் சீட்டுகளை விரித்துப் பார்க்கிறார். இஸ்பேடில் ஆஸ், ராஜா, ஜாக்கி, 8, 4. ஆட்டினில் ஆஸ், ராணி, ஜாக்கி, 7, 3. டைமனில் ஒற்றை 5. கிளாவரில் ராஜா, 2. பிரிட்ஜ் கணக்குப்படி 18 புள்ளி. அடிக்கடி வாய்க்காத கை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்கு இதை எப்படிச் சொல்வது?

பிரிட்ஜ் ஏலத்தில் இருப்பவை மொத்தம் 38 சொற்கள்தான். 1 கிளாவரில் தொடங்கி 7 நோ டிரம்ப் வரை 35, கூடவே பாஸ், டபுள், ரீடபுள். 13 சீட்டுகள் கொண்ட கை அமையக்கூடிய விதங்களோ 63,500 கோடிக்கும் மேல். இவ்வளவு சிறிய மொழியில் எதைச் சொன்னாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

‘டபுள்’ என்றால் பலம் தெரியும், கையின் வடிவம் தெரியாது. இடப்பக்க எதிராளி 5 டைமனுக்குத் தாவிவிட்டால், இஸ்பேடும் ஆட்டினும் இன்னும் சொல்லப்படாமலே கிடக்கும். ‘1 இஸ்பேட்’ என்றால் கையில் பாதிதான் வெளியே வரும். மூன்றாவது வழி, மயாமி பீச்சைச் சேர்ந்த மைக் மைக்கேல்ஸ் காட்டியது. எதிராளி சொன்ன டைமனையே எடுத்து ‘2 டைமன்’ என்பது. அதற்குப் பொருள்: இஸ்பேடும் ஆட்டினும் ஐந்தைந்தாவது இருக்கின்றன. ஆனால் பல ஜோடிகள் எளிய கைக்கும் இதையே சொல்வார்கள், மிகப் பலமான கைக்கும் இதையே சொல்வார்கள். பலம் இருப்பவர் அடுத்த முறை மறுபடி ஏலம் கேட்டால்தான் அது தெரியவரும்.

ஆக, 18 புள்ளிக்காரரின் ‘2 டைமன்’ ஒரு பாதி உண்மை. பாதி உண்மை பொய்யாகுமா? தத்துவஞானி இமானுவேல் கான்ட் பொய் சொல்வதையும் சொல்லாமல் இருப்பதையும் வேறு வேறாகவே வைத்தார். மனதில் இருப்பதை எல்லாம் கொட்ட வேண்டிய கடமை இல்லை, வாயைத் திறந்தால் வருவது மெய்யாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்ஜ் விதி இதைவிடத் தாராளமானது. கையில் இல்லாததை இருப்பதாக ஏலம் கேட்கவும் அது இடம் தருகிறது. ஒரே நிபந்தனை, பார்ட்னரும் எதிராளிகளைப் போலவே ஏமாற வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சீட்டுகள் அவரவர் சொத்து, அவற்றை மறைக்கலாம். சொல்லின் பொருள் மட்டும் மேசையைச் சுற்றியுள்ள நால்வருக்கும் பொது. அதை இருவர் மட்டும் தங்களுக்குள் வைத்துக்கொண்டால் ஆட்டமே இல்லை. 1965இல் புவெனஸ் ஐரிஸ் உலகப் போட்டியில் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ இருவர் மீதும் எழுந்த குற்றச்சாட்டு இத்தகையது: சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆட்டின் எத்தனை என்று சைகை காட்டினார்கள் என்பது. உலகக் கூட்டமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. லண்டனில் நடந்த தனி விசாரணை அவர்களை விடுவித்தது. 1975 முதல் உலகப் போட்டிகளில் பார்ட்னர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வந்தது.

திரை இல்லாத சாதாரண கிளப் மேசையில் வேறு வகைச் சோதனை ஒன்று வரும். ‘2 டைமன்’ சொன்னதும் இடப்பக்க எதிராளி, “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் பார்ட்னர்தான். அவர் இருவரும் முன்பே செய்துகொண்ட உடன்பாட்டை மறந்துவிட்டு, “டைமன் நிறைய இருக்கிறது” என்கிறார். எதிராளி பாஸ். பார்ட்னர் ‘3 டைமன்’ என்கிறார். அடுத்தவரும் பாஸ்.

18 புள்ளிக்காரருக்கு வயிற்றைப் பிசைகிறது. பார்ட்னர் தப்பாகப் புரிந்துகொண்டு டைமனை ஏற்றுகிறார் என்று அவர் காதாலேயே கேட்டுவிட்டார். 3 ஆட்டின் என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். விதி அதற்கு ஒப்பாது. பார்ட்னரின் விளக்கம் காதில் விழவே இல்லை என்பதுபோல் அவர் ஏலம் கேட்க வேண்டும். உடன்பாட்டின்படி ‘3 டைமன்’ என்றால், “உன் இரண்டில் ஒன்றுக்கு என்னிடம் நல்ல துணை இருக்கிறது, கையும் பலம்” என்று பொருள். அப்படியானால் இவர் கேம் என்ற போனஸ் இலக்கைத் தாண்டி, அதைவிடப் பெரிய ஸ்லாமைக்கூட நினைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் பள்ளம் இருப்பது தெரிந்தும், தெரியாதவரின் நடையில் நடக்க வேண்டும். பொய் சொல்லாதே என்று எல்லா அறநூலும் சொல்லும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்து முடிவெடு என்று கேட்பது அதைவிடக் கடினமானது. அவர் அப்படிச் செய்தாரா என்பது பல சமயம் அவர் ஒருவருக்கே தெரியும்.

அவர் ‘4 டைமன்’ என்கிறார், பலத்தைக் காட்ட. இப்போது பார்ட்னருக்குப் பொறி தட்டுகிறதோ என்னவோ, ‘4 இஸ்பேட்’ என்கிறார். மூன்று பாஸ். விளக்கம் தவறு என்று நடுவில் சொல்லியிருந்தால் அதுவே பார்ட்னருக்குக் கொடுத்த தகவலாகியிருக்கும், அதனால் இதுவரை வாய் திறக்கக் கூடாது. ஏலம் முடிந்துவிட்டது, ஆடப்போவது இவர்கள் பக்கம். இனி தாமதிக்கவும் கூடாது. அவர் கையை உயர்த்தி ஆட்டத்தை நடத்தும் டைரக்டரை அழைக்கிறார். “2 டைமனுக்கு எங்கள் உடன்பாட்டுப் பொருள் இஸ்பேடும் ஆட்டினும். சொன்ன விளக்கம் தவறு.” எதிராளிகள் அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் முதல் சீட்டு மேசைக்கு வருகிறது.