வாகனப் புகையும் ஹக்குல் இபாதும்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

  

அல்லாஹு தஆலா நமக்கு விலையில்லாமல் தந்திருக்கும் பெரிய நிஃமத் காற்று. சாப்பாட்டையும் தண்ணீரையும் நல்லதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கெட்டதாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். காற்றில் அது முடியாது. நிற்கிற இடத்தில் என்ன காற்று வருகிறதோ அதைத்தான் இழுத்தாக வேண்டும். ஆகவே காற்றைக் கெடுப்பவன், தப்பிக்க வழியில்லாதவனுக்குத் தீங்கு செய்கிறான்.

நம் பைக், ஆட்டோ, கார், வேன் விடுகிற புகை வெறும் ஆர்.டி.ஓ. விஷயமா, அல்லது அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய விஷயமா? இன்றைய ஜும்ஆவில் இதைச் சிந்திப்போம்.

பாதையில் கிடந்த முள்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றில் கடைசிக் கிளை பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது என்றும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்தார்கள். மக்கள் நடக்கிற வழியில் இடைஞ்சலாக இருந்த மரக்கிளையை அகற்றிய ஒரு மனிதருக்குச் சுவர்க்கம் கிடைத்த செய்தி முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது.

முள்ளை எடுத்தவருக்கு இந்தக் கூலி என்றால், பாதை நெடுக முள்ளைத் தூவிக்கொண்டே போகிறவரின் நிலை என்ன?

புகை என்பது கண்ணுக்குத் தெரியாத முள். அதிலுள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைவும் உள்ளவை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அவை மூக்கில் நிற்பதில்லை. நுரையீரலின் அடி வரை போய், இரத்தத்திலும் கலக்கின்றன. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ல் அறிவித்துவிட்டது. வீட்டு அடுப்பு முதல் வாகனம், ஆலை வரை எல்லாப் புகையும் சேர்ந்து உலகில் ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் பேரின் ஆயுளைக் குறைக்கின்றன என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது.

புகை பற்றி ஃபிக்ஹ் சட்டம்

"அந்தக் காலத்தில் வண்டியே கிடையாதே, மார்க்கத்தில் இதற்கு என்ன சட்டம்?" என்று சிலர் கேட்கலாம்.

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நபிமொழியிலிருந்து எடுக்கப்பட்ட அடிப்படைச் சட்டம். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத் தொகுப்பில் 1200ஆவது சட்டத்தைப் பாருங்கள். அடுப்பின் புகையால் பக்கத்து வீட்டுக்காரர் குடியிருக்க முடியாத நிலை வந்தால், அது கடுமையான தீங்கு, அதை நீக்கியாக வேண்டும் என்று அது சொல்கிறது. அடுப்பு அவருடைய சொந்த இடத்தில்தான் இருக்கிறது. செய்வதும் ஹலாலான தொழில்தான். ஆனாலும் புகை அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது உரிமை அங்கே நின்றுவிடுகிறது.

இன்னும் நுட்பமாகப் பாருங்கள். பச்சைப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வெங்காயம் ஹலால். அதன் வாடை யாரையும் கொல்லாது. இருந்தும், பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்கு இந்த மார்க்கம் கொடுத்த மரியாதை அது! நாமோ வெங்காய வாடையைப் போக்கிக்கொண்டு, கரும்புகை கக்குகிற வண்டியில் அதே பள்ளிக்கு வருகிறோம்.

அரசாங்கம் செய்தது, நாம் செய்ய வேண்டியது

நியாயமாகப் பேச வேண்டும். அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2000ல் நாடு முழுதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்து, எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. 2019ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, திருச்சி, தூத்துக்குடியோடு நம் மதுரையும் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால், அத்தனை டூவீலர்கள் சாலைக்கு வராமல் நிற்கலாம்.

ஆனால் டெல்லியிலிருந்து ஒரு படிப்பினை இருக்கிறது. 1998ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2002 முடிவதற்குள் அங்கே பஸ்களும் ஆட்டோக்களும் சி.என்.ஜி. வாயுவுக்கு மாறின. ஆரம்பத்தில் காற்று தெளிந்தது. பிறகு வாகனங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, கிடைத்த பலன் கரைந்துபோனது. சட்டம் எரிபொருளைச் சுத்தப்படுத்தும். எத்தனை முறை சாவியைத் திருகுவது என்று தீர்மானிப்பது நம் கைதான்.

தல்லாகுளத்திலிருந்து புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில் வரை போகிற நம்முடைய சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பூ விற்கிற அம்மா, பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகள், வெயிலில் நிற்கிற போக்குவரத்துக் காவலர். சித்திரை மாதத்தில் சகோதர சமுதாய மக்கள் ஆயிரமாயிரமாக இதே சாலையில் நடந்து போகிறார்கள். இவர்கள் எல்லோரும் நம் வண்டிக்குப் பின்னால் மூச்சு விடுகிறவர்கள். புகை ஜாதி மதம் பார்ப்பதில்லை. ஹக்கும் அப்படித்தான்.

பார்க்காமல் வாங்கிய சான்று

வண்டி வாங்கி ஓராண்டு கடந்தால் புகைப் பரிசோதனைச் சான்று அவசியம். பொல்யூஷன் சர்டிபிகேட் என்கிறோமே, அதுதான். 2019 சட்டத் திருத்தத்தின்படி மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சிலர் என்ன செய்கிறார்கள்? வண்டியைக் கொண்டு போகாமலே, நம்பரைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துச் சான்று வாங்கிவிடுகிறார்கள். அன்பர்களே, அந்தக் காகிதம் என்ன சொல்கிறது? "இந்த வண்டியின் புகை சோதிக்கப்பட்டது, அளவுக்குள் இருக்கிறது" என்று சாட்சி சொல்கிறது. சோதிக்கவே இல்லை என்றால் அது பொய் சாட்சி. பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்த நபியவர்கள், பொய் சாட்சி என்ற இடம் வந்ததும், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். நூறு இருநூறு ரூபாய்க்கு நாம் இதில் போய் விழலாமா?

யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மஹ்ஷருக்கு வருகிற ஒருவர், பிறருக்குச் செய்த தீங்குகளுக்காகத் தன் நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார். அவரைத்தான் நபியவர்கள் முஃப்லிஸ், திவாலானவர் என்றார்கள்.

அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தால் தவ்பா உண்டு. மனிதரின் ஹக்கில் குறை வைத்தால் அந்த மனிதர் மன்னிக்க வேண்டும். கடன் வாங்கினால் ஆள் தெரியும். புறம் பேசினால் பெயர் தெரியும். தேடிப் போய்க் கையைப் பிடித்து "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்கலாம். புகை விட்டுக்கொண்டு போனவர் யாரைத் தேடுவார்? எந்தக் குழந்தைக்கு வீஸிங் வந்தது, எந்தப் பெரியவருக்கு நெஞ்சு அடைத்தது என்று அவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் இவரைத் தெரியாது. அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும். பெயர் தெரியாத கடன்காரர்கள் மஹ்ஷரில் வந்து நிற்பதை விட, இன்றே அந்தக் கடனை நிறுத்துவது நல்லது.

வசதியில்லாதவருக்கு என்ன வழி?

"ஹழ்ரத், பழைய ஆட்டோதான் என் சோறு. இன்ஜின் வேலை பார்க்கக் காசில்லை" என்று ஒரு சகோதரர் சொன்னால் அது உண்மையான கஷ்டம். சக்திக்கு மீறி அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. அவரைக் குற்றம் சொல்லிவிட்டு, நாம் ஏ.சி.க்காகப் பள்ளி வாசலில் காரை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. வசதியுள்ளவர்கள் முதலில் அந்த இன்ஜினை அணைக்க வேண்டும். ஜமாஅத் முன்வந்து அப்படிப்பட்ட ஓட்டுநர்களுக்கு வட்டியில்லாத கர்ழே ஹஸனா கொடுத்து, வண்டியைச் சரிசெய்ய உதவ வேண்டும்.

ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சகோதரர்களே! கரும்புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை, ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்வது உங்கள் மீது அமானத். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவர்கள் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜும்ஆ நாளில் குளித்து, நேரத்தோடு புறப்பட்டு, வாகனத்தில் ஏறாமல் நடந்து வந்து, இமாமுக்கு அருகில் அமர்ந்து கவனமாகக் கேட்பவருக்கு, ஒவ்வோர் எட்டுக்கும் ஓராண்டு நோன்பும் தொழுகையும் நிறைவேற்றிய கூலி என்று அபூதாவூதில் வருகிறது. பக்கத்துத் தெருவிலிருந்து பைக்கில் வந்து இந்தக் கூலியை இழக்க வேண்டுமா? நடக்க முடிந்தவர்கள் அடுத்த ஜும்ஆவுக்கு நடந்து வாருங்கள். தூரத்திலிருப்பவர்கள் பஸ்ஸில் வாருங்கள், அல்லது ஒரே வண்டியில் சேர்ந்து வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கையாலும் நாவாலும் வாகனத்தாலும் யாருக்கும் தீங்கு வராமல் பாதுகாப்பாயாக! மூச்சுத் திணறலால் அவதிப்படுவோருக்கு ஷிஃபா தருவாயாக! மஹ்ஷரில் முஃப்லிஸாக நிற்கும் இழிவிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.