புலால் மறுத்த அடுக்களை

சைவம் என்னுஞ் சொல் நம் நாட்டிலே சமயத்துக்கும் உணவுக்கும் ஒருங்கே பெயராய் வழங்குகின்றது. இவ்வழக்கால் நமக்குப் பெருமையுண்டு. ஒரு மயக்கமும் உண்டு. புலால் அட்டிலினுள் நுழையாதாயின் கொல்லாமை விரதம் முற்றிற்று என்று நம்மவருட் பலர் கருதி அமைகின்றனர். அங்ஙனம் அமைதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே விளங்குவது திருக்கழுக்குன்றம். மூவர் பதிகமும் மணிவாசகர் வாக்கும் பெற்ற அத்தலத்தில், நண்பகலில் இரு வெண்கழுகுகள் மலைமீது வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு மீளும் காட்சியைக் கண்டு வணங்கியோர் இன்றும் உளர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவ்வரவு நின்றது. கலியின் கொடுமை என்பாருமுளர். தம் வினையைக் காலத்தின் தலைமேல் ஏற்றுதல் எளிதன்றோ!

அந்நாளில் நாடெங்குமே கழுகினங்கள் அருகின. ஆவினத்தின் நோவும் வீக்கமுந் தணியச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனில் தங்கி, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லுகின்றது என்பது 2004இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. குன்றின்மேல் வந்த வெண்கழுகின் இனமும் அக்காலத்தே பெரிதுங் குறைந்தது. கால்நடைக்கு அம்மருந்தை இந்திய அரசினர் 2006இல் விலக்கினர். மக்களுக்கென விற்ற பெருங்குப்பிகள் மாட்டுக்கொட்டிலை அடையவே, 2015இல் அவற்றையுந் தடுத்தனர். அசிகுளோபினாக், கீட்டோபுரோபென் என்னும் வேறிரு மருந்துகளைக் கால்நடைக்கு விலக்கியது 2023இல்.

அம்மாடுகள் யாருக்காக வளர்க்கப்பட்டன? ஊனுண்பார்க்கு மட்டுமோ? நம் மனைக்குப் பாலும் தயிரும் அளித்தனவும் அவற்றுள் அடங்கும். கழுகுக்கு இட்ட பொங்கலில் வார்த்த நெய்யும் ஆவின் நெய்யே.

விலைகொடுத்து வாங்குவார் இல்லையாயின் விற்பாரும் இலராவர் என்னும் நியாயத்தை வள்ளுவனார் புலான்மறுத்தலுள் நாட்டினார். அந்நியாயம் ஊனோடு நில்லாது. பாலுக்கும் அரிசிக்குஞ் செல்லும். அறியாது வாங்கினான்மேல் வினை எங்ஙனம் சாருமெனின், 2004க்கு முன் வாங்கினாரைக் குறைகூறுதல் பொருந்தாது என்க. அறிந்தபின்னும் வினவாதிருப்பார்க்கு அவ்விடை உதவாது. கறவை நோவால் வருந்துக என்பதோ எனின், அன்று. மெலாக்சிகாம் என்னும் மருந்து அதன் நோவையுந் தணிக்கும், கழுகுக்கும் ஊறு செய்யாது.

இம்மாவட்டத்திலேயே இதற்கு மறுதலையான காட்சியும் உண்டு. வேடந்தாங்கல் ஏரி மரங்களிற் கூடுகட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு எருவாகின்றது. ஆங்குள்ள உழவர், தீபாவளியன்றும் வெடி கொளுத்தாது அப்புட்களைக் காத்து வருகின்றனர். கும்பினியார் ஆட்சியிலேயே, அவற்றைச் சுடலாகாதென்று உரிமை பெற்றோர் அவர். அவ்வயலில் விளையும் நெல்லுக்கும் யாதொரு பெயருமின்றிச் சந்தையில் வெண்ணிறத்தால் மட்டும் விலைபோகும் அரிசிக்கும் வேற்றுமை காணாத கண், நாவை நம்பிய கண்ணேயாம்.

தவிடு முற்றும் நீங்கத் தீட்டிய அரிசியின் வெண்மையை விரும்பி, உமிக்கு உள்ளிருக்கும் சத்தை மாட்டுக்கு விட்டு, பின்னர் மருத்துவரை நாடுகின்றோம். இது வேறொரு கட்டுரைக்கு உரியது. ஏரிப்பாசன நெல், கொல்லைக் கீரை, அண்டை ஊர்ப் பால் என இவற்றைக் கொள்வார்க்கு ஒரு வசதியுண்டு: விளைவித்தவனை நேரிற் கண்டு வினவலாம். பால்காரரிடம், மாடு நோயுற்றபோது என்ன மருந்து இட்டீர் என்று கேட்பதற்கு ஆகும் செலவு யாதுமில்லை. ஒருவர் கேட்டால் அவர் நகைப்பார். தெருவெல்லாங் கேட்குமாயின் மருந்தை மாற்றுவார்.